இறகுப்பந்துக் குமிழ் வைத்த மூடி

மாமியார்களைத் திட்டுவதென்றால் சுமிராவுக்கு அத்தனை பிரியம். நேரில் அல்ல; நேரில் அவள் கோழியைக்கூட அதட்டமாட்டாள். கைபேசியில்தான். மத்தியானத் தொழுகை முடிந்து, தூலுங்காகுங் நகரமே வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும் நேரத்தில், மின்விசிறிக்கு அடியில் பாயை விரித்துச் சாய்ந்துகொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். மருமகளைப் பட்டினி போட்ட மாமியார், மருமகளின் நகையைக் கழற்றித் தன் மகளுக்குப் போட்ட மாமியார் என்று ஜாவாவில் உள்ள அத்தனை கெட்ட மாமியார்களும் அந்தச் சின்னத் திரையில் வரிசையாக வந்து நிற்பார்கள். சுமிரா ஒருத்தியையும் சும்மா விடமாட்டாள். மல்லிகைப் பூப் படம் போட்டு ஒரு கணக்கு வைத்திருந்தாள். பெயரும் மல்லிகைதான். முகம் தெரியாது என்ற தைரியத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் அங்கே எழுதுவாள்.

அன்றைக்கும் அப்படித்தான் ஒரு வீடியோ வந்து நின்றது. கொஞ்சமாகத் திறந்த கதவிடுக்கு. வெளியே யாரோ ஒரு பெண் "நான் கெளம்புறேன்" என்கிறாள். மோட்டார் சைக்கிள் புறப்பட்டுப் போகும் சத்தம். உடனே கதவு திறக்கிறது, இரண்டு வெறுங்கால்கள் சமையலறைக்கு ஓடுகின்றன, ஒரு கை சாப்பாட்டு மூடியைத் தூக்கி, சோயாவில் செய்து பொரித்த டெம்பேத் துண்டை எடுக்கிறது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே குனிந்து நின்றபடியே அந்தப் பெண் தின்கிறாள். முகம் தெரியவில்லை, தாடை அசைவது மட்டும் தெரிகிறது. திரையில் எழுத்து: "மாமியார் வண்டிச் சத்தம் தேய்ந்தால்தான் எனக்குச் சோறு."

சுமிராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த வீட்டில் ஒரு பெண் திருடியைப் போல நின்றுகொண்டு தின்ன வேண்டுமா? அந்த மாமியார் எல்லாம் ஒரு பொம்பளையா? எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினாள்: "இந்த மாமியார் வீட்டு அடுப்பில் பூனை படுக்கட்டும்." அனுப்பியும் விட்டாள்.

வீடியோ தானாக மறுபடி முதலில் இருந்து ஓடியது. இப்போதுதான் அந்த மூடியைச் சரியாகப் பார்த்தாள். பச்சைப் பிளாஸ்டிக் மூடி. அதன் உச்சியில் குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய இறகுப்பந்து, கம்பியால் கட்டப்பட்டு, இறகெல்லாம் சிலும்பிக்கொண்டு நின்றது.

உலகத்தில் அப்படி ஒரு மூடிதான் உண்டு. பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடித் திரிந்த காலத்தில் அவள் மகன் தனார் கட்டிக் கொடுத்தது. அது அவளுடைய சமையலறை மேசை மேல்தான் இருந்தது, இப்போதும்.

சுமிரா வீடியோவை மறுபடியும் ஓடவிட்டாள். "நான் கெளம்புறேன்" என்ற குரல் தன்னுடையதுதான் என்று மூன்றாம் முறை கேட்டபோது புரிந்தது. தன் குரல் இவ்வளவு மெலிசாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. எழுதியதை அழிக்கப் பார்த்தாள், எங்கே அமுக்கினால் அழியும் என்று தெரியவில்லை. மகனிடம் கேட்கலாம் என்றால், என்ன என்று கேட்பது? அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சாபத்துக்குச் சிவப்பு இதயங்கள் விழ ஆரம்பித்தன.

சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் மருமகள் ரத்ரி கணினியில் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

ரத்ரி செமாராங்குக்காரி. பட்டப்படிப்பு. இணையக் கடைகளுக்கு அட்டைப்படமும் விளம்பரமும் வரைந்து கொடுக்கும் வேலை. தனார் சுலாவெசியில் நிக்கல் ஆலையில் இருக்கிறான், எப்போதாவதுதான் லீவு. அம்மா தனியாக இருக்க வேண்டாமே என்று கல்யாணம் ஆன கையோடு பெண்டாட்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டான். நல்ல எண்ணம்தான். ஆனால் அவன் விட்டுப்போனது இரண்டு ஊமைகளை ஒரே கூரையின் கீழ்.

எங்கள் பக்கத்தில் இதற்கு சுங்கான் என்று பேர். கூச்சம் என்று மட்டும் சொன்னால் போதாது. மரியாதை கொஞ்சம், பயம் கொஞ்சம், நாம் எதிராளிக்குத் தொந்தரவாகிவிடுவோமோ என்ற நினைப்பு மீதி. எல்லார் வீட்டிலும் மருமகளுக்கு மாமியாரிடம் சுங்கான் இருக்கும். ஒரு வருஷத்தில், ஒரு பிள்ளை பிறந்தால் அதற்குள்ளேயே, அது கழன்றுவிடும். இந்த வீட்டில் வந்த கோளாறு என்னவென்றால், மாமியாருக்கும் மருமகளிடம் அதே அளவுக்கு இருந்தது. படித்த பெண், பட்டணத்துப் பெண், கணினியில் யார் யாரிடமோ மிடுக்காகப் பேசுகிற பெண். நம் சமையல் அவளுக்குப் பிடிக்குமோ என்னவோ என்று சுமிரா ஒதுங்கினாள். மூத்தவர், அதிகம் பேசாதவர், நாம் மேசையில் போய் உட்கார்ந்தால் என்ன நினைப்பாரோ என்று ரத்ரி ஒதுங்கினாள்.

தினமும் நடப்பது இதுதான். சுமிரா சமைத்து, மூடி போட்டு மூடி, அறைக் கதவுக்கு இரண்டடி தள்ளி நின்று கேட்பாள். ரத்ரி அவளை இபு என்றுதான் கூப்பிடுவாள், அம்மா என்று அர்த்தம்.

"கண்ணு, சாப்பிடுறியா?"

"சாப்பிட்டாச்சு, இபு. நீங்க சாப்பிடுங்க."

"நானும் சாப்பிட்டாச்சும்மா."

இரண்டு பேரும் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். மூத்தவர் கேட்டவுடனே ஆமாம் என்று பறந்துபோய் உட்காருவது ஒழுங்கல்ல. மறுபடி வற்புறுத்தினால் தர்மசங்கடம் ஆகிவிடும். இப்படி இரண்டு மரியாதைக்காரிகள் நடுவே சோறு ஆறிக்கொண்டிருக்கும். சுமிரா கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தால் மூடிக்கு அடியில் கொஞ்சம் குறைந்திருக்கும். ஏதோ கடமைக்குக் கொறித்திருக்கிறாள், நம் கைப்பக்குவம் இவளுக்கு ஒத்துவரவில்லை என்று சுமிரா உள்ளுக்குள் குமைவாள்.

அதனால்தான், முதல் அதிர்ச்சி கொஞ்சம் அடங்கியதும், அவள் ஒரு காரியம் செய்தாள். வீடியோவை மறுபடி ஓடவிட்டு, ரத்ரி தின்பதைப் பார்த்தாள். நான்கு டெம்பே. நான்கு! அதற்கு மேலே சம்பலை விரலால் வழித்து நக்குகிறாள். லொடே என்னும் காய்கறிக் குழம்பைச் சட்டியோடு தூக்கிக் குடிக்கிறாள். கடமைக்கா ஒருத்தி இப்படிச் சாப்பிடுவாள்?

கீழே ஆயிரக்கணக்கான பேர் அந்த மாமியாரைப் பேய் என்றும் பிசாசு என்றும் எழுதியிருந்தார்கள். ஒன்று விடாமல் படித்தாள். ஆனாலும் மனசுக்குள் ஒரு மூலையில், சொன்னால் நம்பமாட்டீர்கள், மத்தாப்பு கொளுத்தின மாதிரி இருந்தது. என் டெம்பே அவளுக்குப் பிடித்திருக்கிறது.

சரி, மருமகளைக் கூப்பிட்டு, "ஏன்டி கண்ணு, என் எதிரேயே சாப்பிடேன்" என்று சொன்னால் விஷயம் தீர்ந்தது. சொல்லியிருப்பாள், வேறு மாமியாராக இருந்தால். சுமிராவோ பெண்கள் சீட்டுக் கூட்டத்தில் தன் பேர் விழுந்தால்கூட வாய் திறக்காமல் கையைத் தூக்கிக் காட்டுகிறவள். வீடியோவைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னால் அந்தப் பெண் வெட்கத்திலேயே உயிரை விட்டுவிடும் என்று வேறு தோன்றியது. ஆக, தனக்குத் தெரிந்த வழியில் ஒரு தீர்வு கண்டுபிடித்தாள். நான் வெளியே போனால் அவள் சாப்பிடுகிறாள். அப்படியானால் நான் அடிக்கடி வெளியே போக வேண்டும்.

அன்று முதல் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வண்டியைக் கிளப்பினாள். போக்கிடம் ஒன்றும் கிடையாது. கால்பந்து மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு வாதாம் மரம் உண்டு. அதன் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு ஆள் நிதானமாக, மென்று, இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிடுகிற நேரம் வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். மழை வந்தால் பிளாஸ்டிக் அங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திரும்பி வந்து மூடியைத் தூக்கிப் பார்த்து, தட்டு காலியாக இருந்தால் அன்றைக்கு அவளுக்குப் பெருநாள்.

தெருவில் காலைச் சோறு விற்கும் கொமாரியா ஒருநாள் அவளை அந்த மரத்தடியில் பார்த்துவிட்டாள். கொமாரியா கண்ணில் ஒன்று பட்டால் தெருவுக்கே பட்ட மாதிரி.

"என்னக்கா, கொளுத்துற வெயில்ல இங்க வந்து உக்காந்திருக்கீங்க? மருமக வெரட்டிட்டாளா?"

"காத்து வாங்க வந்தேன்" என்றாள் சுமிரா. ஒரு இலைகூட அசையவில்லை.

"காத்தா? ம்ம். நல்லா வாங்குங்க" என்று கொமாரியா சிரித்துக்கொண்டே போனாள்.

இதெல்லாம் போகட்டும். உள்ளே கதவிடுக்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இந்தப் போக்குவரத்து எப்படித் தெரிந்திருக்கும் என்று சுமிரா ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தனார் போன் செய்தான்.

"இபு, ரத்ரி மேல ஏதாச்சும் கோவமா?"

"எனக்கா? ஏன்டா?"

"நீங்க வீட்லயே இருக்க மாட்டேங்கிறீங்களாம். ஒரு நாளைக்கு மூணு தடவை வெளிய போயிடுறீங்களாம். என்னால இபுவுக்குச் சொந்த வீட்லயே இருக்க முடியல, நான் பாரமா இருக்கேன்னு அழுவுறா. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரூம் வாடகைக்குப் பாத்து வச்சிருக்கா. அங்க போயிடட்டுமான்னு கேக்குறா. அடுத்த வாரத்துக்குள்ள ரூம்காரம்மாவுக்குப் பதில் சொல்லணுமாம். நீங்க என்ன சொல்றீங்க?"

போக வேண்டாம் என்று சொல். வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை, வேண்டாம். தொண்டை வரைக்கும் வந்தது. வற்புறுத்துகிறோமோ, பட்டணத்துப் பெண்ணைக் கட்டிப்போடுகிறோமோ, அவளுக்கும் தனியாக இருக்கத்தான் ஆசையோ என்று ஆயிரம் யோசனை அதைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டது.

"அவ இஷ்டம்ப்பா" என்றாள் சுமிரா.

போனை வைத்துவிட்டுத் தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பெண் போய்விட்டால் மூடிக்கு அடியில் யாருக்காகச் சமைத்து வைப்பது? அதைவிட, வீடு முழுக்கச் சோறு இருந்தும் மருமகளை உட்காரவைத்து ஒரு வாய் போடத் தெரியாதவள் என்று தன்னைத் தானே எண்ணிக்கொண்டு மிச்ச ஆயுசை எப்படிக் கழிப்பது?

அடுத்த புதன்கிழமை, நான்கு வீடு தள்ளி இருக்கும் லிஸ்தியா வீட்டில் கல்யாண வேலை தொடங்கியது. கல்யாணம் என்றால் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கத்தியும் அரிவாள்மனையுமாகக் கொல்லைப்புறத்தில் கூடிவிடுவார்கள். கூப்பிட வேண்டியதில்லை, கூலியும் இல்லை. நாளைக்கு நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் வருவார்கள். மாமியாரும் மருமகளுமாக ஜோடியாக வருவதுதான் வழக்கம். எந்த மருமகள் சுறுசுறுப்பு, எவள் சோம்பேறி என்று ஊர் தீர்ப்பெழுதுவதும் அங்கேதான். ஆளோடு பாத்திரமும் போகும். அண்டா, குண்டான், தட்டு, ஈ மொய்க்காமல் மூட சாப்பாட்டு மூடி. கல்யாணம் முடிந்து அவரவர் பொருள் அவரவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளம் இருக்கும். சுமிராவின் பாத்திரங்களுக்கெல்லாம் அடியில் நீலப் பெயிண்ட். அந்தப் பச்சை மூடிக்கு மட்டும் பெயிண்ட் வேண்டியிருந்ததில்லை. இறகுப்பந்தே போதும்.

எல்லார் வீட்டு மூடியும் வேண்டும் என்று லிஸ்தியா சொல்லி அனுப்பியிருந்தாள். இல்லை என்று சொன்னால் கேவலம். கொடுத்தாலோ, கொமாரியாவின் கண்ணில் அந்தப் பந்து பட்டுவிடும். அவள் பார்க்காத வீடியோ கிடையாது. சுமிரா யோசித்தாள். இடுக்கியை எடுத்தாள், கம்பியை வெட்டினாள், இறகுப்பந்தைச் சமையல் மேடை மேலேயே வைத்துவிட்டு மூடியை மட்டும் வண்டியில் கட்டினாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

ரத்ரியின் கதவுக்கு இரண்டடி தள்ளி நின்றாள். "கண்ணு, லிஸ்தியா வீட்டுக்குப் போறேன். உனக்கு வேலை இருக்கும், இல்ல?"

வருகிறாயா என்று கேட்க நினைத்துத்தான் வந்தாள். வாயில் இருந்து வந்தது இது.

"ஆமா இபு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

லிஸ்தியாவின் கொல்லையில் முப்பது பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய அடுப்பில் தேங்காய்ப்பால் குழம்பு கொதித்தது. எல்லோர் கண்ணிலும் நீர், எல்லோர் வாயிலும் பேச்சு. சுமிரா ஓரமாக உட்கார்ந்து நீளப் பயற்றங்காய் நறுக்க ஆரம்பித்தாள்.

"மருமக வரலியாக்கா?" என்றாள் கொமாரியா.

"வேலை இருக்காம்."

"இருக்கும் இருக்கும். பட்டணத்துப் பொண்ணு, வெங்காயம் உரிச்சா வெரல் கறுத்துடும்ல." நாலைந்து பேர் சிரித்தார்கள். கொமாரியா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "மருமகன்னதும் ஞாபகம் வருது. இதப் பாத்தீங்களா எல்லாரும்? இருபது லட்சம் பேர் பாத்திருக்காங்க. பாவம்டி அந்தப் பொண்ணு, நின்னுக்கிட்டே திங்குது."

சுமிராவின் கத்தி நின்றது.

போன் கைமாறி கைமாறிப் போனது. முப்பது பெண்களும் உச்சுக்கொட்டினார்கள். தன் குரல் ஒவ்வொரு கையிலும் "நான் கெளம்புறேன், நான் கெளம்புறேன்" என்று கத்துவதை சுமிரா குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முதல் கமெண்ட்டு பாருங்க" என்று கொமாரியா சத்தமாகப் படித்தாள். "இந்த மாமியார் வீட்டு அடுப்பில் பூனை படுக்கட்டும். எழுதினவ வாய்க்குச் சர்க்கரை போடணும்! யாரோ மல்லிகையாம்."

"மூடில பூப்பந்து கட்டியிருக்கே, வேடிக்கையா" என்றாள் லிஸ்தியா, போனை வாங்கிப் பார்த்து. "எந்த ஊர்க்காரியோ. அந்த மாதிரி மூடிய நான் எங்கயோ பாத்திருக்கேன்டி."

அந்த நேரம் பார்த்துக் கொல்லைக் கதவு திறந்தது.

ரத்ரி நின்றாள். ஓடி வந்திருக்க வேண்டும், நெற்றியில் தலைத்துணி நனைந்து ஒட்டியிருந்தது. முப்பது ஜோடிக் கண்கள் திரும்பியதும் அவள் முகம் வெளுத்துப் போயிற்று. ஆனாலும் திரும்பி ஓடவில்லை. தோளைக் குறுக்கி, பெரியவர்கள் நடுவே நடக்கும்போது செய்வது போல ஒரு கையைத் தாழ்த்திக்கொண்டு, நேராக மாமியாரிடம் வந்தாள். இன்னொரு கையை நீட்டினாள்.

"இபு, மூடியோட குமிழ் கழண்டு மேடையிலயே கெடந்துச்சு. அடையாளம் இல்லாம போனா வேற யார் வீட்டுக்காவது மாறிடுமேன்னு..."

அவள் உள்ளங்கையில் இறகுப்பந்து.

பெண்கள் பந்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ரத்ரியின் பார்வை லிஸ்தியாவின் கையில் இருந்த போனுக்குப் போயிற்று. அதில் ஓடிக்கொண்டிருந்தது என்ன என்று பார்த்தாள். அவ்வளவுதான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அடியே!" என்றாள் கொமாரியா. "நீதானா அது? பெத்த தாய் மாதிரி இருக்கிற மனுஷிய, தெருவுல எறும்பக்கூட மிதிக்காதவள, உலகம் பூரா பேய்னு திட்ட வச்சியே, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? படிச்ச படிப்பு இதுக்குத்தானா?"

"நான் இபுவைக் கேலி பண்ணல" என்றாள் ரத்ரி. "என்னையேதான் கேலி பண்ணிக்கிட்டேன். என் கூச்சத்த. எல்லாரும் இபுவைத் திட்டுவாங்கன்னு நெனக்கல. அழிச்சுடுறேன். நான்... நான் ரூம் பாத்துட்டேன், போயிடுறேன். இபு என்னால வீட்ல இருக்க முடியாம தெனமும் வெளியவே..."

"நீ சாப்பிடணும்னுதான்டி நான் வெளிய போனேன்!"

யார் கத்தியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுமிராவும் ஒரு கணம் பார்த்தாள். தான்தான். எழுந்து நின்றுகொண்டிருந்தாள், கையில் கத்தியோடு. அதைக் கீழே போட்டாள். அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளில் இருந்து யாரும் கேட்டிராத குரல் அது. திறந்த பிறகு அடைக்கத் தெரியவில்லை.

"வீடியோவ நான் எப்பவோ பாத்துட்டேன். அந்த மல்லிகையும் நான்தான். யாரோ ஒரு மாமியான்னு நெனச்சு என்னையே நான் சபிச்சுக்கிட்டேன், போதுமா? அப்புறம்தான் நீ திங்கிறதப் பாத்தேன். நான் போனாத்தான் நீ திங்கிறேன்னா, போறேன்னு போனேன். வாதாம் மரத்தடில போய்க் குந்தியிருந்தேன். நீ மெதுவா சாப்பிடட்டும்னு. கொமாரியா கேட்டாளே, காத்து வாங்குறேன்னேன். என்ன காத்து? மண்ணாங்கட்டி காத்து!"

ரத்ரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, இருந்தாலும் அவ..." என்று கொமாரியா ஆரம்பித்தாள்.

"நீ இரு கொமாரியா." சுமிரா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "என் மருமக என்னை அவமானப்படுத்திட்டாளா? எங்க? அந்த வீடியோவ நல்லாப் பாரு. நாலு டெம்பே திங்கிறா. எண்ணிப் பாரு. சம்பல வழிச்சு நக்குறா. குழம்பச் சட்டியோட தூக்குறா. இருபது லட்சம் பேரு என் சமையல என் மருமக ஆசையாத் திங்கிறதப் பாத்திருக்காங்க. இந்தத் தெருவுல வேற எவ மருமகளுக்கு மாமியா சமையல் மேல இவ்வளவு ஆசை? உன் மருமகளுங்க மூணு பேரும் பெருநாளுக்கு வந்தா நீ ஆக்கி வச்சத மோந்துகூடப் பாக்காம போன்ல ஆர்டர் போட்டு வரவழைக்கிறாங்கன்னு நீதானே என்கிட்ட மூக்கச் சிந்தின?"

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. பிறகு கொல்லை முழுக்கச் சிரித்தது. கொமாரியாவே கடைசியில் தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். "இந்த ஊமைக்குள்ள இவ்வளவு வாயா!" என்றாள். "இத்தனை வருஷம் எங்கக்கா ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"அப்ப வீடியோவ..." என்றாள் ரத்ரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அழிச்ச, அடி வாங்குவ" என்றாள் சுமிரா. தான் அடி என்று சொன்னதை நினைத்து அவளுக்கே காது சிவந்தது. ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை.

லிஸ்தியா நல்ல வீட்டுக்காரி. வந்த ஆளை நிற்கவிடாமல் பாயில் இடம் ஒதுக்கி, ஒரு குவியல் வெங்காயத்தை அவள் முன்னால் தள்ளினாள். ரத்ரி உரித்தாள். வேகம் இல்லை, தோலோடு பாதி வெங்காயமும் போனது. பக்கத்தில் இருந்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுமிரா அவளை ஒரு பார்வை பார்த்தாள், அவள் சும்மா இருந்துவிட்டாள்.

கைகொடுக்க வந்தவர்களுக்கு மத்தியானச் சோறு வந்தது. வாழையிலையில் சூடான சோறு, சுட்ட கோழி போட்ட தேங்காய்ப்பால் குழம்பு, ஓரமாக ஒரு கரண்டி சம்பல். சுமிரா தன் கையாலேயே பரிமாறி, இலையை ரத்ரியின் முன்னால் வைத்தாள். எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தும் கொண்டாள். சாப்பிடுகிறாயா என்று கேட்கவில்லை. வெளியே எங்கும் போகவும் இல்லை.

ரத்ரி இலையைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். முப்பது பெண்கள் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கை இலைக்கு மேலே வந்து, தயங்கி, பிறகு இறங்கியது. முதல் கவளம் மிகச் சின்னது. இரண்டாவது கொஞ்சம் பெரியது.

"கோழில அந்தத் தொடைப் பக்கம் நல்லாருக்கும்" என்றாள் சுமிரா, யாரிடமோ சொல்வது போல.

"இன்னொரு கரண்டி குழம்பு ஊத்துங்க, இபு" என்றாள் ரத்ரி.

சுமிராவின் போன் அடித்தது. தனார். வழக்கமாக யாராவது பக்கத்தில் இருந்தால் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு குசுகுசுவென்று பேசுகிறவள், இருந்த இடத்திலேயே எடுத்தாள்.

"இபு, ரத்ரி போன எடுக்கவே மாட்டேங்கிறா. ரூம்காரம்மா எனக்குக் கூப்பிட்டாங்க, வருவாளா மாட்டாளான்னு இப்பவே சொல்லணுமாம். அவ பக்கத்துல இருந்தா குடுங்களேன்."

போனில் இருந்து கசிந்த குரல் கேட்டு ரத்ரி நிமிர்ந்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன, உதட்டு ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை. மெல்லுவதை நிறுத்தாமலே, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"ரூம் வேணாம்னு சொல்லிடு" என்றாள் சுமிரா, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி. "அவகிட்ட இப்ப குடுக்க முடியாதுப்பா. என் மருமக என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கா."